'சும்மா' பாடிய நால்வர்

பழைய இசையையும் புதிய இசையையும் ஒரே மேடையில் ஏற்றுவது இன்று வழமையாகிவிட்டது. அவற்றுட் பல, பழைய பாட்டின்மேற் புதிய ஒலியைப் பூசும் முயற்சிகளே என்பது எனது அபிப்பிராயம். இங்கிலாந்தின் ஹில்லியார்ட் குழுவினர் இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தவர்கள். 1974 இல் தொடங்கி, 2014 டிசெம்பரில் இலண்டன் விக்மோர் மண்டபத்தில் இறுதியாகப் பாடி விடைபெற்ற குழு அது. பெரும்பாலும் நான்கு ஆண் குரல்கள், பக்கவாத்தியம் கிடையாது. நான் அவர்களை அறிந்தது இறுவட்டுகள் வாயிலாகவே.

1994 இல் நோர்வே சக்ஸஃபோன் கலைஞர் ஜான் கார்பரெக்குடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட 'ஒஃபிசியம்' பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. நானும் மயங்கியவன்தான். ஆயினும் பலமுறை கேட்டபின், நால்வரின் பழம்பாடல்கள் சக்ஸஃபோனுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகிவிட்டனவோ என்ற ஐயம் எழுந்தது.

மற்ற வழி வேறு. 1200 ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நோத்ர டாம் தேவாலயத்துக்காகப் பெரொத்தான் அமைத்த நாற்குரற் பாடலில், கீழ்க்குரல் ஓர் அசையை நம் தம்புராவைப்போல நெடுநேரம் பிடித்துநிற்க, ஏனைய மூன்றும் அதன்மேல் துள்ளி விளையாடுகின்றன. அதற்குப்பின் எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட்டைக் கேளுங்கள். 1968 இல் வெளிப்படையான விசுவாச அறிக்கையாக அமைந்த அவரது 'கிறேடோ' சோவியத் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளானது. அதன்பின் பெரும்பாலும் மௌனங் காத்த பேர்ட், அவ்வாண்டுகளில் இந்தப் பழைய தேவாலய இசையையே பயின்றார். 1976 இல் அவர் கண்டடைந்த முறையில் ஒரு குரல் படிப்படியாக நடக்கும். மற்றது மூன்றே சுரங்களை விட்டகலாது. நிலைத்து நிற்பதும் நகர்வதும் என்ற அதே உறவு, எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின்!

இம்முறையில் 1977 இல் அவர் நான்கு குரல்களுக்கு எழுதிய பாடலின் பெயர் 'சும்மா'. நமக்குச் சிரிப்பு வரலாம். இலத்தீனில் அது தொகை, சாரம் என்று பொருள்படும். உள்ளே இருப்பதோ கத்தோலிக்க விசுவாசப் பிரமாணம் முழுவதும். கிறேடோவுக்கு நேர்ந்ததை அறிந்தவர், உள்ளடக்கத்தைக் காட்டிக்கொடுக்காத தலைப்பை ஏன் தேர்ந்தார் என்று கேட்கமாட்டார்.

சில நிமிடங்களே நீடிக்கும் அந்தப் பாடலைப் பெரொத்தானுக்கு அடுத்து வைத்துக் கேட்கும்போது எது பழையது, எது புதியது என்று எனக்குத் தடுமாற்றமாக இருக்கிறது. ஒஃபிசியத்தில் அந்தத் தடுமாற்றம் ஒருபோதும் ஏற்பட்டதில்லை.