தட்டு வெட்டும் மெஷினுக்கு ஏஐ கேமரா வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு மாடுகள். சோளத்தட்டும் கோ-4 புல்லும் வெட்ட 2 ஹெச்.பி. மோட்டார் போட்ட மெஷின் இருக்கிறது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அம்மாவுக்கு மூன்று விரல் போய்விட்டது. கை கிட்டே போனால் தானாக நிறுத்தும் ஏஐ கேமரா இருக்கிறதாம், வாங்கலாம் என்கிறான் மகன். பொருத்தினால் பயமில்லாமல் வெட்டலாமா?
- வாசகி, ஊத்துக்குளி

பதில்: மகன் சொல்வது கதையல்ல அம்மா. பெரிய தொழிற்சாலைகளில் ஆபத்தான இடத்துக்குள் ஆள் நுழைந்தால் கேமரா பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நம் பக்கத்திலேயே மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் வனத்துறை 12 கோபுரங்களில் கேமரா வைத்தது. தண்டவாளத்தை நெருங்கும் யானையை ஏஐ கண்டுபிடித்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் கொடுக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் யானை தண்டவாளத்துக்கு வருவதற்குள் சேதி சொல்ல நேரம் இருக்கிறது. உங்கள் மெஷினில் அந்த நேரம் கிடையாது. இரண்டு கத்தி உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் விநாடிக்கு 20 வெட்டு. கேமரா பார்த்து மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தினாலும், கனத்த சக்கரம் ஓடிய வேகத்தில் இன்னும் சில விநாடி சுற்றும். உருளை கையை இழுக்க அது போதும். பிரேக் இல்லாத மெஷினில் எந்த ஏஐயும் விரலைக் காப்பாற்றாது. கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் கையை இன்னும் கிட்டே கொண்டுபோவோம் என்பதுதான் என் பயம்.

அந்தப் பணத்தை மெஷினிலேயே போடுங்கள். தட்டு வைக்கும் தொட்டி எவ்வளவு நீளம்? கதிரடிக்கும் மெஷினுக்குக் குறைந்தது 90 செ.மீ. தொட்டியும், அதில் 45 செ.மீ. மேல்மூடியும் வேண்டும் என்பது தர நிர்ணயம். அதே அளவைப் பட்டறையில் சொல்லி உங்கள் மெஷினுக்கும் தகரத்தில் அடித்து வாங்குங்கள். மூடிக்கு அந்தப் பக்கம் கை எட்டாது. சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் கூடு கட்டாயம். ஈரமான கோ-4 உருளையில் சிக்கும்போதுதான் நாம் கையால் தள்ளுகிறோம்; ஒரு முழக் குச்சியைத் தொட்டியிலேயே கட்டி வையுங்கள். வளையல், முந்தானை, தோள் துண்டு எதுவும் தொங்கக்கூடாது. பொழுது சாய்ந்து, பால் கறக்கும் அவசரத்தில் வெட்டாதீர்கள்.

மகனின் ஏஐ ஆர்வத்துக்கு வேறு வேலை இருக்கிறது. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய பூச்சி கண்காணிப்பு முறையின் செயலியில் இலையையோ பூச்சியையோ படம் எடுத்துப் போட்டால், ஏஐ இன்ன பூச்சி என்று சொல்லும். தெரியாத பூச்சிக்கு மூன்று மருந்தைக் கலந்து, மூக்கை மூடாமல் அடித்து மயங்கி விழுகிறவர்களை வருஷந்தோறும் பார்க்கிறேன். ஒரு தெளிப்பு குறைந்தாலும் அது உடம்புக்கு மிச்சம். மருந்தின் அளவை மட்டும் டப்பா லேபிளைப் பார்த்தோ எங்களிடம் கேட்டோ முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால் மஞ்சள்தூளோ காபித்தூளோ அப்பாதீர்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. 108-ஐ அழைத்து, விரல் ஒட்டும் வசதியுள்ள ஆஸ்பத்திரி எது என்று அப்போதே கேளுங்கள். கோவையில் இதற்குப் பேர்போன மருத்துவமனைகள் உண்டு. ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வது நல்லது.

பக்கத்துத் தோட்டத்து அம்மாவின் குடும்பம் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிந்திருந்தால் விபத்து ஊனத்துக்கு உதவித்தொகை கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.