கூடு வாங்கினால் கடமை முடிந்ததா?

பெருநாள் காசில் பிள்ளைக்கு ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம். கேட்டால், சிறுவர் அபூ உமைரின் குருவி ஹதீஸைச் சொல்கிறோம். வளர்க்க அனுமதி உண்டுதான். பூனையை அடைத்துப் பட்டினி போட்டுத் தண்டனை பெற்ற பெண்ணின் ஹதீஸும் அதே புஹாரியில்தான் இருக்கிறது. அதை ஏன் நாம் சொல்வதில்லை?

மலிவென்று கல்வனைஸ் வலையில் கூடு அடிக்கிறோம். குருவி நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும். உதிரும் பூச்சு நாகம், அதாவது சிங்க். அதற்கு நஞ்சு. விளையாடத் தொங்கவிடும் நைலோன் நூல் காலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும். குசினியில் நொன்ஸ்டிக் தாச்சி அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், அந்த ஆவியே குருவியை நிமிடக்கணக்கில் கொன்றுவிடும். நாமோ கண்ணூறு என்கிறோம்!

துருப்பிடிக்காத எஃகுக் கூடு விலைதான். அதற்குக் காசில்லையென்றால் குருவியும் வேண்டாம். கடித்து விளையாட ஒரு கொய்யாக் கொப்பு போதும். அது சும்மாவே கிடைக்கும்.