ஓட்டத் தெரிந்தால் போதுமா?

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர்)

மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாய் இருந்த காலம் மலையேறிவிட்டது. நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் அது உழவு மாட்டின் இடத்தையே பிடித்துக்கொண்டது எனலாம். வயலுக்கு உரமூட்டை சுமப்பதும், விசைத்தறிக் கூடத்திற்கு நூல் கொண்டு செல்வதும், தோட்டத்து எலுமிச்சையைப் புளியங்குடிச் சந்தையில் சேர்ப்பதும், நம்மில் பலரைக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து விடுவதும் இந்த இருசக்கர வண்டிதான்.

ஆனால் மாடு வளர்த்தவருக்கு மாட்டின் நோய்நொடி தெரிந்திருந்தது. அசைபோடாமல் நின்றால் காதைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார். வண்டி வைத்திருக்கும் நமக்கு என்ன தெரியும்? பெட்ரோல் போடத் தெரியும். பொத்தானை அழுத்தத் தெரியும். பறக்கத் தெரியும். வழியில் நின்றுவிட்டால் தள்ளத் தெரியும்! இது படித்த இளைஞர்க்கு அழகாகுமா? ஓட்டக் கற்றவர் பேணவும் கற்க வேண்டும் என்பதே என் வாதம்.

நிதானத்திற்கு ஒரு போட்டி

மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் நம் மாணவர்க்கு வேகம் ஒன்றே நினைவுக்கு வருகிறது. மேலைநாடுகளில் ‘டிரையல்ஸ்’ என்றொரு போட்டி உண்டு. அதில் வேகத்திற்கு மதிப்பில்லை. பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவற்றில் குறித்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி. இருமுறை ஊன்றினால் இரண்டு. அதற்கு மேல் ஊன்றினால் மூன்று. விழுந்தாலோ தவறினாலோ ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். ஆகவே அந்த வண்டியின் அமைப்பும் வேறு. எடை குறைவு, புகைபோக்கி உயரத்தில் இருக்கும், மண் அடைக்காதபடி மட்கார்டு சக்கரத்தை விட்டு விலகி நிற்கும், என்ஜின் ஆமை வேகத்திலும் திணறாமல் இழுக்கும்.

இது நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் ஊர்த் தெருக்களில் ‘டப் டப்’ என்று ஒலியெழுப்பிச் செல்லும் புல்லட்டின் பூர்விகமே இந்தப் போட்டிகளில்தான் இருக்கிறது. பின்சக்கரத்திற்கு ஸ்பிரிங் வைத்தால் தரையில் பிடிமானம் குறைந்துவிடும் என்று டிரையல்ஸ் வீரர்கள் நம்பிய காலத்தில், அப்படி ஸ்பிரிங் வைத்த மாதிரி வண்டிகளை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948-இல் களத்தில் இறக்கியது. அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறுநாள் போட்டியில் பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றது. அந்த அணியில் புல்லட் ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றனர். அவருள் ஒருவர் விக் பிரிட்டன். அவருடைய மகன் ஜானி பிரிட்டன், ஸ்காட்லாந்து ஆறுநாள் டிரையல்ஸ் போட்டியில் 1952-லும் 1957-லும் புல்லட்டிலேயே வாகை சூடினார். 1955-இல் அந்த வண்டி நம் சென்னையை வந்தடைந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளில் புல்லட் வாழ்ந்தது. அந்தப் பழைய பெருமையை நினைவூட்டும் வகையில் 2019-இல் ‘புல்லட் டிரையல்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு வண்டி வெளிவந்து சிறிது காலம் விற்பனையில் இருந்தது.

கோப்பையையும் பதக்கத்தையும் விட என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தச் சர்வதேச ஆறுநாள் போட்டியின் ஒரு விதி. வழியில் வண்டி பழுதானால் ஓட்டுபவரே அதைச் சரிசெய்ய வேண்டும். பிறர் அதில் கை வைக்கலாகாது. கருவிகளையும் அவரே சுமந்து செல்ல வேண்டும். முக்கிய உறுப்புகளை மாற்றிவிடாதபடி தொடக்கத்திலேயே அடையாளமிட்டு விடுவார்கள். ஆகவே வீரர்கள், கிளட்ச் கேபிள் அறுந்தால் உடனே மாட்டுவதற்கு வசதியாக மாற்றுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே கட்டிவைத்துப் புறப்படுவார்கள். ஓட்டும் திறமையும் பழுது நீக்கும் திறமையும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் தத்துவம். நமக்கு வேண்டிய பாடமும் அதுவே!

நம் பாதையே ஒரு போட்டிக்களம்

நாம் போட்டிக்குப் போகவில்லையே என்று கேட்பீர்கள். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று கண்ணைத் திறக்கவிடாமல் புழுதியை வாரி இறைக்கிறது. ஐப்பசியில் மழை விழுந்தால் அதே கரிசல் மண் களியாகிச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடுகிறது. குளத்துக்கரையும் ஓடைமணலும் வரப்பும் நமக்கு அன்றாடப் பாதைகள். இத்தகைய பாதையில் ஓடும் வண்டிக்கு, தார்ச்சாலையில் ஓடும் வண்டியைவிட இருமடங்கு கவனிப்பு வேண்டாமா?

புழுதி முதலில் கெடுப்பது ஏர் ஃபில்டரை. அது அடைத்தால் என்ஜினுக்குக் காற்றுக் குறையும், பெட்ரோல் வீணாகும், புகை கறுக்கும். அடுத்தது செயின். எண்ணெய்ப் பசையில் மண்துகள் சேர்ந்தால் அது உப்புத்தாள் போலச் செயினையும் பல்சக்கரத்தையும் தேய்த்துவிடும். ஆகவே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின்பே புதிய எண்ணெய் இட வேண்டும். அழுக்கின் மேல் எண்ணெய் ஊற்றுவது தீங்கே செய்யும். ஓடைநீரைக் கடந்தால் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை உலர்த்த வேண்டும். என்ஜின் எண்ணெய் பால் கலந்த காபி போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மாற்றாமல் ஓட்டலாகாது. இவற்றில் எதற்குப் பட்டம் வேண்டும்? எதற்குப் பெரும்பணம் வேண்டும்?

பழுதறியும் முறை

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார். நோய் இன்னதென அறிதல், அதன் காரணம் அறிதல், தணிக்கும் வழி அறிதல், அதன் பின்பே மருத்துவம். வண்டிக்கும் இந்த வரிசையே பொருந்தும். நம்மில் பலர் செய்வதோ தலைகீழ் வைத்தியம்! முதலில் உறுப்பை மாற்றுகிறோம். பிறகு காரணத்தைத் தேடுகிறோம்.

என்ஜின் கிளம்பவில்லையா? பதற வேண்டாம். நிறுத்தும் பொத்தான் தவறி அழுந்தியிருக்கிறதா, தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, பக்கவாட்டு ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் பின் மூன்றே கேள்விகள். பெட்ரோல் வந்து சேர்கிறதா? பிளக்கில் தீப்பொறி பிறக்கிறதா? சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா? இம்மூன்றும் உரிய நேரத்தில் கூடினால் என்ஜின் ஓடியே தீரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிறிய காபிப்பொடி நிறமானால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்துவிட்டது. எண்ணெய் பிசுபிசுத்தால் என்ஜின் எண்ணெய் மேலேறி எரிகிறது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து சூடு மிகுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் பேராசிரியர்கள் கற்பிக்கும் முறையும் இதுதானே!

என் நண்பர் ஒருவரின் பழைய வண்டி நான்கைந்து கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடும். சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும். ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். பின் காயிலை மாற்றினார்கள். பின் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அவர் தந்தையின் இரண்டு வாரத் தறிக்கூலி போய்விட்டது. கடைசியில் ஒரு முதிய மெக்கானிக், வண்டி நின்ற இடத்திலேயே பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போயிற்று, வண்டி கிளம்பிற்று. மூடியிலிருந்த ஊசித்துளையை மண் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றழுத்தம் குறைந்து, மேற்கொண்டு இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. மூடிய பாத்திரத்தில் காற்றழுத்தம் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கண்முன் நடந்தபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியவர் கல்லூரி வாசலை மிதியாதவர்! ஏட்டறிவுக்கும் கையறிவுக்கும் நடுவே எழுந்துள்ள இந்தச் சுவரை என்னென்பது?

இருவகை மறுப்பு

“இப்போது வரும் வண்டிகள் கணிப்பொறி வைத்தவை; நம்மால் என்ன செய்ய முடியும்?” என்பர் சிலர். உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய் மின்னணு முறையில் பெட்ரோல் பீச்சும் அமைப்பு வந்துவிட்டது. அதில் நாம் ஸ்பேனரை நுழைக்க வேண்டாம். ஆனால் டயர், செயின், பிரேக், பிளக், ஏர் ஃபில்டர், பாட்டரி முனை ஆகியவை இன்றும் நம் கைக்கு எட்டும் இடத்திலேதான் இருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது எதைச் சொல்கிறது என்று கையேட்டைப் படித்தறிவதும் ஒரு திறமையே. தன்னால் எது முடியும், எதற்கு வல்லுநரிடம் போக வேண்டும் என்று பிரித்தறிவதே முதல் அறிவு.

“தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பதைக் கலைக்கல்லூரி மாணவர் ஏன் கற்க வேண்டும்?” என்பர் வேறு சிலர். சமைக்கத் தெரிந்தவரெல்லாம் உணவு விடுதி நடத்துவதில்லை. தம் உயிரைச் சுமக்கும் பொருளைத் தாமே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை. தேய்ந்த பிரேக்கும் வழுக்கை டயரும் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்திருக்கின்றன! நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு பேருந்து இல்லாத ஊரிலிருந்து புறப்படுபவருக்கு, பாதி வழியில் வண்டி நின்றால் யார் துணை?

செய்ய வேண்டுவது

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பு ஒருநாள் முகாம் நடத்தலாம். நகரிலுள்ள அனுபவமிக்க மெக்கானிக்குகளை விருந்தினர்களாக அல்ல, ஆசிரியர்களாகவே அழைக்க வேண்டும்; ஒருநாள் கூலியை இழந்து வருபவர்களுக்கு மதிப்பூதியம் தர வேண்டும். பிளக் கழற்றுதல், செயின் தளர்வை அளத்தல், ஏர் ஃபில்டரைத் தூய்மை செய்தல், பிரேக் தேய்மானம் அறிதல், பஞ்சர் ஒட்டுதல் என ஐந்தே பாடங்கள் போதும். மாணவியரும் இதில் சரிபாதியாகக் கலந்துகொள்ள வேண்டும். தனித்து வண்டியோட்டி வரும் தங்கைக்கு இந்த அறிவு அண்ணனைவிட அதிகமாகவே தேவை. இயற்பியல் துறையினர் ஒவ்வொரு பழுதின் பின்னுள்ள விதியை விளக்கலாம். தமிழ்த்துறையினர், பட்டறைகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்து எளிய கையேடு ஒன்று ஆக்கித் தரலாம். செலவு சிறிது, பயனோ பெரிது.

கையில் கறை படிந்தால் படிப்புக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மை விட்டு அகல வேண்டும். கறையைச் சோப்பு போக்கிவிடும். அறியாமையைப் போக்கச் சோப்பு இல்லை. பேராசிரியப் பெருமக்கள் இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்த்து, வரும் கல்வியாண்டிலேயே முதல் முகாமுக்கு வழி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பழைய ஸ்பேனர்ப் பையோடு முதல் ஆளாக வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். தோழர்களே, நீங்கள்?