தடத்தை அழிக்கும் கூட்டம்



ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் தங்கியிருந்த வரலாறு நாம் அறிந்ததே. இரவில் மக்காவின் செய்திகளோடு வந்து விடியுமுன் திரும்பிய அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் காலடித் தடத்தின் மேல் ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) அவர்கள் ஆட்டு மந்தையை ஓட்டிச் சென்றார்கள். பாதை மறைந்தது.

அன்று அநியாயக்காரர்களின் கண்ணில் படாமலிருக்கத் தடம் அழிக்கப்பட்டது. இன்று நம் கடைவீதியில் திருட்டு நடந்த மறுநாள் காலை நாமே மந்தையாகி, திருடனின் தடத்தை அழித்துக் கொடுக்கிறோமே, இது யாருக்கு லாபம்?

பூட்டு உடைந்த செய்தி பரவியதும் தெருவே கடைக்குள் நுழைகிறது. திருடன் வேன் நின்ற ஈர மண்ணில் பத்து பைக்குகள் நிற்கின்றன. பழக்க தோஷத்தில் கடைப்பையன் கூட்டிப் பெருக்கியும் விடுகிறான்! பிறகு போலீஸ் வந்து எதைத் தேடும்? தடயம் இல்லாவிட்டால் சந்தேகம்தான் மிச்சம். அந்தச் சந்தேகம் நேற்றுவரை உங்களிடம் சம்பளம் வாங்கிய ஏழைப் பையன் மேல் விழுந்தால் அவனுக்கு யார் பதில் சொல்வது?

கேமரா இருக்கிறதே என்பீர்கள். முகத்தை மூடி வருகிறவன் காலைக் கழற்றி வைத்துவிட்டா வருகிறான்?

ஒரே அளவுச் செருப்பு ஆயிரம் பேர் காலில் இருக்கலாம். ஆனால் குதிகால் தேய்ந்த விதமும், அடியில் கண்ணாடி கீறிய வெட்டும் ஒருவருடையதைப் போல் இன்னொருவருடையதில் இருப்பது அரிது. டயரும் அப்படித்தான்.

எனவே ஷட்டரைத் தொடாதீர்கள். வாசலில் கயிறு கட்டி, பொறுப்பான இருவரை நிறுத்துங்கள். தடத்துக்கு நேர் மேலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத தூசித் தடமும் தெரியும். மழை தூறினால் அகலமான அண்டாவைத் தடத்தில் படாமல் கவிழுங்கள். துணியோ பேப்பரோ போட்டு மூடினால் உள்ளதும் போய்விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி அச்செடுப்பது நிபுணர் வேலை. நாம் முயல வேண்டாம்.

காலடித் தடவியல் முழுமையாக வளர்ந்த அறிவியல் அல்ல, வேறு சாட்சியங்களால் எட்டிய முடிவுக்கு வலுச்சேர்க்க மட்டுமே அது பயன்படும் என்று 1997-ல் முஹம்மது அமான் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. மிகச் சரி. தடம் மட்டும் வைத்து எவரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஆனால் பிடித்துவரப்பட்டவனின் காலுக்கும் அந்தத் தடத்துக்கும் பொருந்தவே இல்லை என்றால்? அப்போது அதுதான் அவனுக்காகப் பேசும் சாட்சி!

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வரவேண்டும், அதை வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது. இரவில் பூட்டை உடைத்துத் திருடினால் பதினான்கு ஆண்டுவரை தண்டனை உண்டு. ஆனால் இந்தப் பிரிவைக் கட்டாயமாக்கும் தேதியை அறிவிக்க மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். அதையே சாக்காக்க நாம் விடலாமா? புகாரிலேயே எழுதுங்கள்: தடங்களைக் காத்து வைத்திருக்கிறோம், நிபுணரை அனுப்புங்கள் என்று. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கும்போதே கேளுங்கள்: யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு?