ஓ.பி. அறையில் மதுவைப் பற்றி வினவுதல்

குடியினால் கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி வந்தவரையும், குடியை நிறுத்திய மூன்றாம் நாளில் கை நடுங்கிப் பிதற்றுகிறவரையும் அடையாளம் காண வைத்தியருக்கு விசேஷப் பிரயாசை எதுவும் தேவையில்லை. ஆனால், மாத்திரையை இருமுறை கூட்டியும் இரத்த அழுத்தம் இறங்காத லாரி ஓட்டுநரும், மாதந்தோறும் நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்கிப்போகும் கொத்தனாரும், சனிக்கிழமை இரவு பைக்கிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொள்ள வரும் கல்லூரி மாணவரும், காசநோய்க்கு ஐசோநயாசிட் உட்கொண்டுவருகையிலேயே மாலையில் மதுவும் அருந்துகிறவரும், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் நம் ஓ.பி. அறையைக் கடந்து போய்விடுகிறார்கள். மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் மது அருந்துவோர் 14.6 சதவீதம்; மதுவுக்கு அடிமைப்பட்டோர் 2.7 சதவீதம். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட பெருந்திரளில், அடிமை நிலையை எட்டாமல், ஆயினும் உடலுக்கும் குடும்பத்துக்கும் அபாயம் விளையும் அளவில் குடித்துவருகிறவர்களுக்கு மறுவாழ்வு இல்லம் அவசியமில்லை. நம் மேஜைக்கு எதிரே ஐந்து நிமிஷப் பேச்சே அவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

அந்தப் பேச்சுக்கு முன்பு கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக 1993இல் வெளிவந்த ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்துக் கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40. 8 வந்தாலே அபாயக் குடி என்று கொள்வது வழக்கம். 10 கிராம் ஆல்கஹாலை அது ஓர் அலகாகக் கொள்கிறது. நம் ஊரில் கணக்குப் பிசகுவது இந்த இடத்தில்தான். “ஒரு குவாட்டர்தான் சார், அதுவும் சனி ஞாயிறு மட்டும்” என்ற பதிலைக் கேட்டு, ‘ஒன்று’ என்று குறித்துக்கொண்டால், முதல் மூன்று வினாக்களுக்கும் சேர்ந்து 3 மதிப்பெண்தான் வரும். அவரும் கவலைக்கு இடமில்லை என்று அனுப்பப்பட்டுவிடுவார். உண்மையில், 42.8 சதவீதம் சாராயச் சத்துள்ள பிராந்தியோ ரம்மோ 180 மில்லியில் 77 மில்லி ஆல்கஹால் கொண்டது. எடையில் அது ஏறக்குறைய 61 கிராம், அதாவது ஆறு அலகு. வாரம் இருமுறை குடிப்பதற்கு 3, ஒரு நாளைக்கு ஆறு அலகு என்பதற்கு 2, ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ வாரந்தோறும் நேர்வதற்கு 3 எனக் கூட்டினால், மிச்சமுள்ள ஏழு வினாக்களைத் தொடுவதற்கு முன்பே அவர் 8ஐ எட்டிவிடுகிறார். இருவர் பங்கிட்டுக்கொள்ளும் கட்டிங் தலைக்கு மூன்று அலகு. எட்டு சதவீத ஸ்டிராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நான்கு அலகு. இந்த மூன்று எண்களையும் ஓ.பி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

8 முதல் 15 வரை மதிப்பெண் பெற்றவருக்கு உபதேசம் வேண்டாம். விஷயத்தைச் சொன்னால் போதும். “ஐயா, நீங்க குடிக்கிறது ஒரே நாள்ல ஆறு அலகு. பிரஷர் இறங்காததுக்கு இதுவும் ஒரு காரணம். குறைச்சா இறங்க வாய்ப்பு இருக்கு. எப்படிக் குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, வைத்தியர் சற்று மௌனமாக இருக்க வேண்டும். “கூலி வாங்கின கையோட வீட்டுக்குப் போயிடறேன்” என்றோ, “ஞாயித்துக்கிழமை விட்டுடறேன்” என்றோ அவர் வாயால் வரும் வாக்கியத்தை அப்படியே சீட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது அதைப் பற்றி விசாரிக்க வேண்டும். மனைவியையோ தாயாரையோ வெளியே அமரச் செய்துவிட்டுக் கேட்பதே முறை. அவர்கள் முன்னிலையில் வரும் பதில் அவர்களுக்காகச் சொல்லப்படும் பதிலாகவே இருக்கும். பெண்களிடம் இதைக் கேட்கக் கூசுவதும் தகாது.

இதனால் விளையும் நன்மையை மிகைப்படுத்துவது தர்மமாகாது. 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 69 பரிசோதனைகளை ஆராய்ந்து, குறுகிய ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின் வாரத்துக்குச் சுமார் 20 கிராம் குறைவாகக் குடித்தார்கள் என்று கண்டது. ஒரு குவாட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. தனியொருவருக்கு அற்பம்தான் என்றாலும், ஓ.பி.க்கு வருகிறவர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் அற்பமல்ல. 2013இல் வெளியான இங்கிலாந்துப் பரிசோதனையில், மதிப்பெண்ணைச் சொல்லித் துண்டுப் பிரசுரம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கும், அத்துடன் ஐந்து நிமிஷ ஆலோசனை பெற்றவர்களுக்கும், இருபது நிமிஷ ஆலோசனையும் பெற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பேச்சே வீண் என்று சிலர் முடிவுகட்டினார்கள். எதுவுமே கேட்கப்படாத ஒரு பிரிவு அப்பரிசோதனையில் இல்லாதபோது அம்முடிவுக்கு எப்படி வர முடியும்? அது தகர்த்தெறிவது, இருபது நிமிஷம் ஒதுக்க முடியாததால் கேட்காமலே விடுகிறோம் என்று நம்மில் பலர் கூறிவரும் சமாதானத்தைத்தான்.

12 முதல் 19 வரை மதிப்பெண் பெற்ற 377 ஆண்களைக் கொண்டு கோவாவின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் வெளியான பரிசோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. பட்டம் பெறாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஒன்று முதல் நான்கு முறை சந்தித்துப் பேசியதில், மூன்று மாதத்தில் அபாய எல்லைக்குக் கீழ் இறங்கியவர்கள் 36 சதவீதம்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26. அத்தகைய ஆலோசகர் ஒருவரை ஒவ்வொரு நிலையத்திலும் அமர்த்துவது எந்த மாநில அரசுக்கும் சக்திக்கு மீறிய காரியமல்ல.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீர ஒரு வாய் குடிக்கிறாரா என்பதை அறியாமல் யாருக்கும் “நாளையே நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லலாகாது. அத்தகையவருக்குத் திடீரென நிறுத்திய இரண்டு நாளைக்குள் வலிப்பும், அதையடுத்துச் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரையும், மதிப்பெண் 20ஐத் தொட்டவரையும் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இடையில் டிரிப் ஏற்ற நேர்ந்தால், குளுக்கோஸுக்கு முன்பாகத் தயாமின் ஊசி போடப்பட்டதா என்று வைத்தியர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2008 முதல் குடும்ப மருத்துவம், அவசர சிகிச்சை, கர்ப்பிணிகள் பிரிவு ஆகிய மூன்றிலும் அரசே இலக்கு வகுத்து இந்த வினவலையும் குறுகிய ஆலோசனையையும் நடத்தியது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொற்றா நோய்ப் பிரிவில் இரத்த அழுத்தம் அளக்கும் செவிலியரே முதல் மூன்று வினாக்களையும் கேட்டு, மதிப்பெண்ணை அழுத்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதும்படி நோயாளியின் அட்டையில் ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும் என்று சுகாதாரத் துறையை வேண்டுகிறோம். அட்டை மறுபடி அச்சாகும் வரை, ஓரத்தில் இருக்கும் வெற்றிடத்திலேயே அதை எழுதத் தொடங்கலாம்.