தாய்ப்பாலின் சீனி தொழிற்சாலைக்குப் போகிறது: அக்கராயன் தாய்மாருக்கு அதில் என்ன இருக்கிறது?

2009 ஏப்ரல் 8 ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணை வீச்சுக்கு இலக்கானார்கள். இறந்துபோன தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டைகள் அப்படியே இருந்தன என்பதை, 2011 இல் வெளிவந்த ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2008 இல் அக்கராயனை விட்டு வெளியேறி, கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டு, முள்ளிவாய்க்கால் வரை போன சனங்களால் குழந்தைப்பால் பற்றிய எந்தச் செய்தியையும் அந்த நினைவோடுதான் வாசிக்க முடியும்.

இப்போது வந்திருக்கும் செய்தி இதுதான். தாய்ப்பாலில் மட்டும் நிறைவாக இருக்கும் சில சீனி வகைகளை நொதியங்களின் உதவியோடு செயற்கையாகத் தயாரிக்கிறார்கள்.

தாய்ப்பாலில் லக்ரோஸ் தவிர, 200 வரையான சிக்கலான சீனி வகைகள் உண்டு. ஒரு லீற்றர் பாலில் இவை 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் இன்னும் அதிகம். குழந்தையால் இவற்றைச் சமிபாடடையச் செய்ய முடியாது. குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களுக்குத்தான் இவை உணவாகின்றன. இவற்றில் ஒரு பகுதி சியாலிக் அமிலம் கொண்டவை. நோய்க்கிருமிகள் பல, குடற்சுவரின் கலங்களிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டே உடலுக்குள் நுழைகின்றன. அதே அமிலத்தைச் சுமந்த சீனி பாலோடு வந்தால், கிருமி கலத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. பின் மலத்தோடு வெளியேறுகிறது. இது கிருமியைக் கொல்வதில்லை, ஏமாற்றுகிறது. ஆகவே நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைப்போல எதிர்ப்பாற்றலை வேகமாக வளர்த்துவிடாது என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2019 இல் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்தெதிர்ப்புக் கிருமிகள் நேரடிக் காரணம் என்ற கணிப்போடு பார்த்தால், இந்த எதிர்பார்ப்பின் பெறுமதி புரியும்.

இரசாயன முறையில் சியாலிக் அமிலத்தைச் சரியான இடத்தில் இணைப்பது கடினம். நொதியங்கள் அதைத் துல்லியமாகச் செய்கின்றன. ஒரு நொதியம் அமிலத்தை இணைப்புக்குத் தயார்ப்படுத்தும், இன்னொன்று அதை லக்ரோஸில் பொருத்தும். இந்த நொதியங்களுக்கான மரபணுக்களை பற்றீரியாக்களுக்குள் செலுத்திப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யலாம். அப்படி உற்பத்தியான இரண்டு சியாலில்லக்ரோஸ் வகைகளுக்கு 2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவாக அனுமதி வழங்கியது.

ஆனால் ஆய்வுகூட முடிவு வேறு, பிள்ளையின் உடல் வேறு. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் கிருமிக்கு எதிராக ஆய்வுகூடத்தில் நம்பிக்கை தந்த ஒரு சியாலில்லக்ரோஸ், 2003 இல் வெளியான மனிதப் பரிசோதனையில் அந்தக் கிருமியை அகற்றவில்லை. சில கிருமிகள் சியாலிக் அமிலத்தைத் தாமே போர்த்திக்கொண்டு எமது நோயெதிர்ப்புக்கு மறைந்தும் கொள்கின்றன. மறுபுறம், சியாலிக் அமிலம் கொண்ட ஒரு குறிப்பிட்ட சீனி தாயின் பாலில் குறைவாக இருந்தபோது, குறைமாதக் குழந்தைகளில் குடல் அழுகும் நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இந்த ஆராய்ச்சியை ஒதுக்கவும் முடியாது, விளம்பரமாக நம்பவும் முடியாது.

இலங்கையில் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டுமே பெறுகிறார்கள் என்கிறது 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடு. குடும்பநல மாதுக்களின் உழைப்பும், 1983 முதல் நடைமுறையிலுள்ள தாய்ப்பால் பாதுகாப்புக் கோவையும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. 'தாய்ப்பாலுக்கு நிகர்' என்ற சொல்லோடு விலை கூடிய மாப்பெட்டிகள் வரும்போது ஆபத்துக்குள்ளாவது இந்த அடைவுதான். 2021 செப்டெம்பரில் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் சாதாரண பால்மா, 2022 மார்ச்சில் 790 ரூபாவானது. அதே நெருக்கடியில் திரிபோஷா விநியோகமும் தடைப்பட்டது. வயலையும் கூலியையும் நம்பியிருக்கும் அக்கராயன் குடும்பம் ஒன்றுக்கு, இதிலும் விலை கூடிய பெட்டி நுண்கடனாகவே முடியும்.

மலிவான வழிகளும் உண்டு. இந்தியாவின் ஒடிசாக் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு நல்ல பற்றீரியாவோடு தாவரச் சீனி ஒன்றை ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமித்தொற்றும் மரணமும் சேர்ந்து 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாகக் குறைந்தன என்று 2017 இல் வெளியான முடிவு சொல்கிறது. அந்தக் குழந்தைகள் தாய்ப்பாலும் குடித்தவர்கள்.

1996 இல் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தபின் மாவட்ட வைத்தியசாலையையே தாங்கிய ஊர் அக்கராயன். அப்படிப்பட்ட ஊரின் வைத்தியசாலை பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. கர்ப்பிணிகளுக்கான சத்துணவு மாதந்தோறும் தவறாமல் வருகிறதா? ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்பும் தாய்க்குப் பாலூட்ட நேரமும் இடமும் இருக்கிறதா? தாயை இழந்த பிள்ளைக்கும் குறைமாதப் பிள்ளைக்கும் இந்தச் சீனிகள் உண்மையில் பயன்படும் என்று நிறுவப்பட்டால், அவை வைத்தியசாலை மருந்தாக இலவசமாகக் கிடைக்குமா, கடைப்பெட்டியாக மட்டும் வருமா?

இந்தச் சீனியை உலகிலேயே மலிவாகச் செய்யும் நொதியங்கள் தாயின் மார்பில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய முதலீடு அந்தத் தாயின் சோறும் ஓய்வும்.