பொன்னாடை வேண்டாம், ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்

நம் கடைவீதியில் ஒருவர் குடியில் விழுந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் புத்தி சொல்கிறோம். அடுத்து, கடனுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்துகிறோம். கடைசியில் வராக்கடன் கணக்கில் எழுதி, பேரேட்டில் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறோம். கடைச் சிப்பந்தி என்றால் இன்னும் சுருக்கம். கணக்கை முடித்து ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இதில் வியாபாரியை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்லாவும் கடனும் நம்பிக்கையில் நடப்பவை.

ஆனால் அப்படி மூடிய பக்கங்களிலிருந்து மீண்டு வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர், தாம் மீண்டதோடு நிற்காமல், விழுந்து கிடக்கும் இன்னொருவருக்குத் துணையாகப் போய் நிற்கிறார்கள். கடை அடைத்த பிறகு அவர் வீட்டுக்குப் போகிறார்கள்; ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறார்கள்; நடு இரவில் போன் வந்தாலும் எடுத்துப் பேசுகிறார்கள். இந்தத் துணையாளர்களுக்கு வணிகர் சங்கங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வரி, லைசென்ஸ், ஆன்லைன் வியாபாரம் என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும்போது இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளிவந்த ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள் இந்தியாவில் 5.7 கோடிப் பேர். குடிநோய்க்கு ஆளானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்களோ 38 பேருக்கு ஒருவர்தான். இந்த 5.7 கோடியில் நம் கடை முதலாளிகளும், சிப்பந்திகளும், மூட்டை இறக்கும் தொழிலாளர்களும் அடக்கம். தந்தையின் குடியால் ஷட்டர் இறங்கிய கடைகள் இல்லாத கடைவீதி உண்டா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

வியாபாரப் பயணத்தில் பிறந்த வழி

மீண்டவர் இன்னொருவரை மீட்கும் இந்த முறை, ஒரு வியாபாரப் பயணத்தில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பங்குச் சந்தைத் தொழில் செய்தவர் பில் வில்சன். குடியால் எல்லாம் இழந்து, 1934 டிசம்பரில் குடியை விட்டவர். 1935 மே மாதம், ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்கும் முயற்சிக்காக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். காரியம் தோற்றது. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், மறு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். உள்ளூர்த் தேவாலயங்களை அழைத்து, தன்னைப் போல் குடியில் சிக்கிய ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார்.

அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு மருத்துவம் தெரியாதா? ஊரார் சொன்ன புத்தி காதில் விழவில்லையா? எல்லாம் விழுந்தது. ஆனால் அனுபவித்தவன் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் ஒருமுறை மீண்டும் குடித்தார். 1935 ஜூன் 10 அன்று குடித்ததே கடைசி. 1950-ல் இறக்கும்வரை அவர் தொடவில்லை. அந்த நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். சென்னையிலும் பல மாவட்டங்களிலும் தமிழிலேயே அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பில் வில்சன் அன்று டாக்டருக்கு உபகாரம் செய்யப் போகவில்லை. தான் மறுபடி குடித்துவிடாமல் இருக்கவே போனார். துணைக்குப் போகிறவருக்கும் அதில் லாபம் உண்டு. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் பிழைக்கும் வியாபாரம் இது. இம்முறை பலன் தருகிறதா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 10,000-க்கும் அதிகமானோர் பங்குபெற்ற 27 ஆய்வுகளை 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குடிக்காமல் தொடர்ந்து இருப்பதற்கு, இக்கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்று கண்டது.

நம் ஊரிலும் முன்னோடி உண்டு. சென்னையின் பெயர் பெற்ற வணிகக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980-ல் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்திருக்க வேண்டிய விஷயம் என்று அந்தக் குடும்பம் நினைக்கவில்லை.

துணையாளர் யார், யார் அல்ல

துணையாளர் டாக்டர் அல்ல. இதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். பல காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். "நாலு நாள் கோடவுனில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுப்பதும் அப்படித்தான். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம். நல்ல துணையாளர் இரண்டையும் செய்ய மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரை அணுகுவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

துணையாளர் ஜாமீன்தாரரும் அல்ல. "நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அண்ணாச்சி வேலை கொடுத்தேன், மறுபடி குடித்துவிட்டானே" என்று அவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம் போல இதுவும் நாள்பட்ட நோய். ஏறும், இறங்கும். ஒருமுறை தவறினால் மறுபடி தொடங்க வைப்பதுதான் அவர் வேலை.

அவர் நம் ஒற்றரும் அல்ல. "பையன் நேற்றுக் குடித்தானா?" என்று அவரைக் கேட்காதீர்கள், கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நம் கொள்முதல் விலையை நாம் யாரிடமாவது சொல்லுகிறோமா? அவரிடம் ஒப்படைத்த ரகசியம் அதைவிடப் பெரிய முதல்.

அவரும் நோயிலிருந்து மீண்டு வரும் மனிதர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். குடிபோதையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது இருவராகப் போவது இவர்களிடையே உள்ள நல்ல வழக்கம். தனியாக மதுக்கடை வாசலுக்கு அவரை அனுப்பி ஆளை இழுத்துவரச் சொல்வது இரண்டு பேரையும் இழக்கும் வேலை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, நேரம். இக்கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடக்கின்றன. நமக்கோ மாலை 6 முதல் 9 மணி வரைதான் வியாபாரம். காலையில் கடை திறந்து இரவு அடைக்கும்வரை நிற்கும் சிப்பந்தி எந்தக் கூட்டத்துக்குப் போக முடியும்? வாரத்தில் ஒரு மாலை ஒன்றரை மணி நேரம், சம்பளப் பிடித்தம் இல்லாமல் விடுங்கள். நோயாளிக்கும் விடுங்கள், துணையாளருக்கும் விடுங்கள். கூட்ட நேரத்தில் ஒரு கை குறைவது நஷ்டம்தான். பழகிய ஆளை இழந்து புது ஆளுக்குப் பொட்டலம் மடிக்கவும் விலை சொல்லவும் கற்றுக் கொடுப்பதில் ஆகும் நஷ்டத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது, இடம். சங்கக் கட்டடத்தின் ஒரு அறையை வாரம் ஒரு மாலை கொடுக்கலாம். இலவசம் என்று சொன்னால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினர் தயங்குவார்கள். வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை. தங்களுக்குள் பணம் போட்டுச் செலவைச் சமாளிப்பது அவர்கள் கொள்கை. ஆகவே சிறிய வாடகை ஒன்றை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். அறையில் யார் வருகிறார் என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள்.

மூன்றாவது, மேடை வேண்டாம். நல்லது செய்தவரைக் கண்டால் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, சங்க இதழில் போடுவது நம் பழக்கம். இவர்களுக்கு அது உதவியல்ல. பெயர் வெளியே தெரியாது என்ற நம்பிக்கையில்தான் புதிதாக ஒருவர் அந்த அறைக்குள் வருகிறார். தலைவர் கையால் மாலை வாங்கியவரை நம்பி எந்தக் கடைக்காரரும் தன் கஷ்டத்தைச் சொல்ல வர மாட்டார்.

நான்காவது, நம் விருந்துகள். பெரிய ஆர்டர் முடிந்தால் பாட்டில் திறப்பது மொத்த வியாபாரத்தில் மரியாதையாகிவிட்டது. மீண்டு வந்தவரை "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துவது மரியாதை அல்ல. சங்கத்தின் பெயரால் நடக்கும் எந்த விருந்திலும் மது இல்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம். ஆயுத பூஜை, தீபாவளி போனஸ் கொடுக்கும் நாட்களில், மீண்டுவரும் சிப்பந்தியிடம் முன்கூட்டிப் பேசி, அவர் சம்மதித்தால் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம்.

"அப்படியானால் நாளையே கல்லாவில் உட்கார வைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. வேண்டாம். முதல் சில மாதங்கள் பணம் புழங்காத வேலை கொடுங்கள். சரக்கு அடுக்கட்டும், எடை போடட்டும். நாள் செல்லச் செல்லப் பொறுப்பைக் கூட்டுங்கள். புது வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பை நாம் எப்படிப் படிப்படியாக உயர்த்துகிறோமோ அப்படியே.

வராக்கடனில் எழுதியது எல்லாம் திரும்பி வராது, நமக்குத் தெரியும். ஆனால் திரும்பி வந்தவரே அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, அவருக்கு வழிவிடாமல் நிற்பது வியாபாரிக்கு அழகல்ல. வரும் செயற்குழுவில் மற்ற பிரச்சினைகளோடு இதற்கும் 10 நிமிடம் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.